வரம் என்று சொல்லித் தட்டிக்கழிக்காதீர்கள்

ஓரிடத்தில் உட்காராத, சொன்னதைப் பாதியிலேயே மறக்கிற, கையில் கொடுத்த கொப்பியையும் பென்சிலையும் தொலைத்துவிட்டு வருகிற பிள்ளையைப் பற்றி இப்போது ஒரு புதுப்பேச்சு பரவியிருக்கிறது. 'அது குறையே இல்லை. அந்தப் பிள்ளையின் மூளை வேறு மாதிரி. நாளைய உலகத்துக்கு அப்படிப்பட்ட மூளைதான் வேண்டும்' என்கிறார்கள். மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என்று சுருக்கிச் சொல்லும் கவனக்குறைபாட்டுக்கு 'வரம்' என்ற பட்டத்தைச் சூட்டியதில் அறிவியல் புனைவுக்கும் மாயப் புனைவுக்கும் பெரிய பங்குண்டு. கதையிலிருந்து சினிமாவுக்கும், சினிமாவிலிருந்து தன்னம்பிக்கை மேடைகளுக்கும் அது இறங்கிவந்துவிட்டது.

இந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் நின்று, அதிலும் நமுனுகுல மலையைச் சுற்றியுள்ள டிவிஷன்களில் நின்று பார்த்தால், இந்த 'வரம்' பிள்ளைக்கு எதையும் கொடுப்பதாகத் தெரியவில்லை. பிள்ளைக்குச் செய்யவேண்டியதைச் செய்யாதவர்களுக்குத்தான் அது நல்ல சாக்காகிறது.

மறுக்குமுன் எதிர்த்தரப்பை அதன் முழுப் பலத்தோடு வைத்துவிட வேண்டும். 2005இல் ரிக் ரியோர்டன் எழுதிய முதல் பெர்சி ஜாக்சன் நாவலில், பாடசாலை பாடசாலையாக விரட்டப்படும் பையன் கிரேக்கக் கடவுளின் மகன். அவன் வகுப்பில் நெளிவது போர்க்களத்தில் உயிர் காக்கும் துடிப்பு. அவனுக்கு எழுத்துகள் குழம்புவதற்குக் காரணம், அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்காக அமைந்தது. கவனக்குறைபாடும் வாசிப்புச் சிக்கலும் இருந்த தன் மகனுக்குப் படுக்கையில் சொன்ன கதையாகத்தான் ரியோர்டன் அதைத் தொடங்கினார். அந்தத் தகப்பனை யார் குறை சொல்வது?

அடுத்தது, 2022இல் வெளிவந்த 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் வன்ஸ்'. பல அண்டங்களுக்கிடையே தாவும் மனத்தைப் பற்றிய நேரடியான அறிவியல் புனைவுப் படம். அதற்காகக் கவனக்குறைபாட்டைப் பற்றித் தேடிப் படிக்கப்போய், அது தனக்கே இருப்பதைக் கண்டுகொண்டதாக இரு இயக்குநர்களில் ஒருவரான டேனியல் குவான் சொல்லியிருக்கிறார். கதாநாயகி எவ்லின், எல்லா அண்டங்களிலும் உள்ள எவ்லின்களில் மிக மோசமாகத் தோற்றுப்போனவள். எதையும் முடிக்காதவள் என்பதாலேயே எல்லா எவ்லின்களின் திறமைக்கும் தாவக்கூடியவள் அவள்தான் என்று கதை திரும்புகிறது. 2023இல் அந்தப் படத்துக்கு ஏழு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன.

நம் பக்கத்திலும் இந்த ஆசை புதிதில்லை. 2011இல் வந்த '7ஆம் அறிவு' படத்தில் சர்க்கஸ்காரன் ஒருவனின் மரபணுவுக்குள் போதிதர்மரின் ஆற்றல் உறங்குகிறது. ஆராய்ச்சி மாணவி அதைத் தட்டி எழுப்புகிறாள். அங்கே கவனக்குறைபாடு இல்லை. ஆனால் உடம்புக்குள் ஒளிந்திருக்கும் வல்லமை ஒருநாள் விழிக்கும் என்ற நம்பிக்கை அதேதான்.

இந்தக் கதைகளுக்கு அறிவியல் போர்வை போர்த்திவிட்டவர் அமெரிக்கரான தொம் ஹார்ட்மன். 1990களில் அவர் சொன்ன கருத்தின்படி, கவனம் சிதறும் மூளை வேடனின் மூளை. சுற்றுமுற்றும் எது அசைந்தாலும் அதற்குத் தெரியும். விவசாயம் வந்து வரப்புக் கட்டி உட்காரவைத்ததும் அது நோயாகிவிட்டது. இதற்குச் சாட்சியாக 2008இல் வெளிவந்த கென்ய ஆய்வொன்றைக் காட்டுவார்கள். அரியால் இனத்து ஆண்களில், கவனக்குறைபாட்டோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் ஒரு மரபணு வடிவம் உள்ளவர்கள், மேய்ச்சலுக்கு அலைந்து திரியும் கூட்டத்தில் நல்ல உடற்கட்டோடு இருந்தார்கள். ஓரிடத்தில் குடியேறிய கூட்டத்தில் மெலிந்திருந்தார்கள்.

இனி மறுப்புக்கு வருவோம்.

அரியால் ஆய்விலிருந்தே தொடங்கலாம். அவர்கள் அளந்தது உடம்பின் போஷாக்கை. கவனக்குறைபாடு உண்டென்று மருத்துவர் தீர்மானித்தவர்களை வைத்து நடந்த ஆய்வு அதுவல்ல. ஒரே மரபணு இரு சூழல்களில் இரு விதமாகப் பலன் தரலாம் என்பதற்குமேல் அதிலிருந்து பிழிய எதுவுமில்லை. அதை அப்படியே ஒத்துக்கொண்டாலும் கேள்வி தீராது. நமுனுகுலவில் பிறந்த பிள்ளைக்கு மேய்ச்சல் நிலம் எங்கே இருக்கிறது? இருப்பது கொழுந்து மலை. நிரையில் நின்று, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தெரிந்து கிள்ளி, மணிக்கணக்கில் அதே கவனத்தில் கூடையை நிரப்ப வேண்டும். மடுவத்தில் தராசு காட்டும் கிலோ குறைந்தால் வருகைப் பதிவான செக்ரோலில் விழுவது அரைப்பேர், அதாவது பாதி நாட்கூலி. மனம் அலைந்ததற்குச் சம்பளத்தில் வெட்டு. வேடனின் மூளைக்கு அங்கே என்ன வேலை?

மலைக்குப் போகவேண்டாம், பாடசாலைக்குப் போகட்டும் என்பீர்கள். தோட்டப் பாடசாலையின் பழைய மண்டபத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நீளமான ஒரே மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது, கரும்பலகைதான் எல்லை. மூன்றாம் தரம் வாய்ப்பாடு ஒப்பிக்கும். நான்காம் தரத்தில் சிங்களப் பாடம் நடக்கும். ஐந்தாம் தரம் புலமைப்பரிசில் பரீட்சையின் பழைய வினாத்தாளோடு மல்லுக்கட்டும். மழை பிடித்துக்கொண்டால் தகரக்கூரைச் சத்தத்தில் டீச்சரின் வாய் அசைவது மட்டும் தெரியும். மூடுபனி யன்னல் வழியே உள்ளே வந்து முன்வாங்குப் பிள்ளையின் கொப்பியை நமுக்கவைக்கும்.

அந்த மண்டபத்தில் உட்காரமுடியாத பையனுக்கு முதலில் கிடைப்பது அடி. பிறகு கடைசி வாங்கு. பிறகு எல்லாரும் ஒரு சமாதானத்துக்கு வருகிறார்கள். மணி அடிக்க அவன், பக்கத்து வகுப்பில் சோக்குக்கட்டி வாங்கிவர அவன், இடாப்பை அதிபரிடம் கொண்டுபோக அவன், பீலியில் தண்ணீர் பிடித்துவர அவன். ஓடுகிறான். மகிழ்ச்சியோடுதான் ஓடுகிறான். 'அவன் கெட்டிக்காரன், எந்த வேலை சொன்னாலும் பறந்துபோய்ச் செய்வான்' என்று பாராட்டும் கிடைக்கிறது. வருட முடிவில் அவனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிகிறதா என்று மட்டும் கேட்க ஆளில்லை. சாதாரண தரப் பரீட்சையை எட்டாமலே படிப்பை விட்டுவிட அவனுக்கு அதிக காலம் எடுக்காது. அடுத்த தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது அவன் கொழும்பில் சாப்பாட்டுக்கடைப் பையன். வேடனின் மூளை என்று புகழப்பட்டது, மேசைக்கு மேசை பிளேன்டீ தூக்கிக்கொண்டிருக்கிறது.

'வரம்' என்ற பேச்சு இங்கே செய்யும் வேலை இதுதான். பிள்ளையின் ஓட்டத்தைப் புகழ்ந்துவிட்டு, அவன் எங்கே ஓடிப்போய்ச் சேர்ந்தான் என்பதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு, அந்தக் கதைகளின் உள்கணக்கைப் பற்றியது. பெர்சி அரக்கர்களை வென்ற பிறகே அவன் நெளிவுக்கு மரியாதை. எவ்லின் அண்டங்களைக் காத்த பிறகே அவள் மறதிக்கு மன்னிப்பு. அறிவியல் புனைவுக்கு வெளியே, 2007இல் வந்து நம்மையெல்லாம் அழவைத்த 'தாரே ஜமீன் பர்' இந்திப் படத்தையே எடுங்கள். வாசிப்புச் சிக்கல் உள்ள இஷானை எல்லாரும் கொண்டாடுவது அவன் ஓவியப் போட்டியில் வென்ற பிறகு. வெல்லாமல் விட்டிருந்தால்? உலக அளவில் பிள்ளைகளில் ஏறக்குறைய 5 சதவீதம் பேருக்குக் கவனக்குறைபாடு இருப்பதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் மற்றப் பிள்ளைகளைப் போலவே சாதாரணப் பிள்ளைகள். வரையத் தெரியாது, பாடத் தெரியாது, எந்த உலகத்தையும் காப்பாற்றத் தெரியாது. அவர்களுக்கு இந்தக் கதைகளில் இடம் இல்லை. குறைபாட்டுக்கு ஈடாகத் திறமை காட்டாத பிள்ளை இரண்டாம் தடவையும் தோற்றவனாகிறான்: முதலில் வகுப்பில், பிறகு அவனுக்காகவே எழுதப்பட்ட கதையில்.

மூன்றாவது, இந்தக் குறைபாட்டின் இலக்கணமே 'வரம்' என்ற பேச்சோடு ஒத்துப்போகாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டின்படி, பிள்ளைக்குக் கவனச்சிதறலின் ஒன்பது அறிகுறிகளிலோ துடிப்பின் ஒன்பது அறிகுறிகளிலோ குறைந்தது ஆறு இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பாடசாலை என்று ஓரிடத்துக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். பாதிப்பு இல்லையென்றால் அந்தப் பெயரே பொருந்தாது. பாதிப்பைக் கழித்துவிட்டு மீதியை வல்லமை என்று காட்டுகிறவர்கள் வேறு எதையோ பற்றிப் பேசுகிறார்கள்.

பாதிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சான்று போதும். டென்மார்க்கில் 19 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2015இல் 'லான்செட்' இதழில் வெளியானது. கவனக்குறைபாடு உள்ளவர்கள் இளம் வயதில் இறக்கும் வீதம் மற்றவர்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எண்ணிக்கையில் அது சிறிய தொகைதான், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் இறப்புக் காரணங்களில் முன்னால் நின்றவை விபத்துகள். எது அசைந்தாலும் சட்டென்று திரும்பும் அந்த மூளை, நடைபாதை உள்ள, வேகக் கட்டுப்பாடு உள்ள டென்மார்க் வீதியிலேயே தன் சொந்தக்காரனைக் காப்பாற்றவில்லை. ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் பள்ளமுமாக வளைந்து வளைந்து இறங்கும் பசறை வீதியில் அது காப்பாற்றும் என்று எந்தத் தாயிடம் போய்ச் சொல்வது?

ஊவாவில் இந்தப் பேச்சுக்கு ஒரு உள்ளூர் உவமையும் தயாராக இருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் கச்சான் காற்றில் தேயிலைச்செடி வாடித் தவிக்கும்போதுதான் ஊவாத் தேயிலைக்கு அந்தப் பேர்போன மணம் வருகிறது; அதுபோலத்தான் கஷ்டமும் வரமும் என்பார்கள். மணம் வருவது உண்மை. அந்த மணத்தால் செடிக்கு என்ன இலாபம்? கொழும்பு ஏலத்தில் விலை ஏறுகிறது, வாங்கியவன் ருசித்துக் குடிக்கிறான், செடி அடுத்த கவ்வாத்துக்குக் காத்து நிற்கிறது. பிறருடைய வேதனையில் மணம் கண்டுபிடிப்பவர்கள் எப்போதும் கோப்பையின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அறிவியல் புனைவை மொத்தமாகக் கழித்துவிட நான் வரவில்லை. கவனத்தைப் பற்றி அது சொன்ன மிகக் கூர்மையான விஷயங்கள், இந்த வல்லமைக் கதைகளுக்கு வெளியே இருக்கின்றன. கர்ட் வானகட் 1961இல் எழுதிய 'ஹாரிசன் பெர்ஜரன்' சிறுகதை 2081இல் நடக்கிறது. எல்லாரும் சமமாக இருக்கவேண்டும் என்பதற்காக, புத்திசாலிகளின் காதில் அரசு ஒரு ரேடியோவைப் பொருத்திவிடுகிறது. 20 விநாடிக்கு ஒருதடவை அதில் ஒரு பயங்கரச் சத்தம். பிடித்துச்செல்லப்பட்ட மகனைப் பற்றிக்கூட ஹாரிசனின் தகப்பனால் தொடர்ந்து நினைக்க முடிவதில்லை. ஒருவனுடைய கவனத்தை வெளியிலிருந்து உடைக்கலாம், உடைத்துவிட்டு ஆளலாம் என்பதை வானகட் கண்டார். சுவரில்லாத மண்டபத்தில் நான்கு வகுப்புகளை ஒன்றாக நடத்தும் இடத்தில் அந்த ரேடியோவுக்குத் தேவையே இல்லை. சத்தத்தால் கவனக்குறைபாடு பிறப்பதில்லை. ஆனால் பிறவியிலேயே அது உள்ள பிள்ளைக்கு மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் அந்த மண்டபம் பறித்துவிடுகிறது.

2000ஆம் ஆண்டில் இரண்டு நாவல்கள் இரண்டு பெரிய விருதுகளை வென்றன. கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கின் பெயரிலான விருது புரூஸ் ஸ்டேர்லிங்கின் 'டிஸ்ட்ராக்‌ஷன்' நாவலுக்குப் போனது. ஒரே நேரத்தில் இரு காரியங்களில் மனதை ஓடவிடும்படி மூளையை மாற்றும் நுட்பம் அதில் வருகிறது. சிதறலையே அடுத்த படியாகக் காணும் கற்பனை அது. ஹியூகோ விருது வேர்னர் விஞ்சியின் 'எ டீப்னெஸ் இன் த ஸ்கை' நாவலுக்கு. அதில் ஆட்சியாளர்கள் ஒரு வைரஸைக் கொண்டு மனிதர்களை ஒரே வேலையில் உறையவைக்கிறார்கள். மொழியறிஞருக்கு மொழியைத் தவிர வேறு நினைவில்லை, பசியில்லை, உறவில்லை. குறைவற்ற கவனம் குறைவற்ற அடிமைத்தனமாகிறது.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஸ்டேர்லிங்கைவிட விஞ்சியே தோட்டத்துக்கு நெருக்கமாகத் தெரிகிறார். கவனம் யாருக்காக, யார் வைக்கும் அளவுகோலில் என்று அவர் கேட்கிறார். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டு முதல் அந்தித் தராசு வரை தொழிலாளியின் கவனத்தைக் கிலோவாக எண்ணிய இடத்தில் அந்தக் கேள்வி வெறும் கற்பனை அல்ல. 1970களில் அரசு பொறுப்பேற்கும்வரை தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகங்களின் கையில்தான் இருந்தன. பேர் போடும் வயது வரும்வரை பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்திருந்தால் போதும் என்று நினைத்த நிர்வாகங்களுக்கு, எந்தப் பிள்ளையின் மனம் எப்படி ஓடுகிறது என்பது ஒரு பொருட்டாக இருந்ததில்லை. அந்த அலட்சியத்தின் மிச்சசொச்சம் இன்னும் மண்டபங்களில் நிற்கிறது.

இதற்கு வரக்கூடிய பதில்கள் எனக்குத் தெரியும். 'கதை கதைதானே, ஒரு பிள்ளைக்கு நம்பிக்கை தருகிறதென்றால் என்ன குற்றம்?' என்பது முதலாவது. ரியோர்டனின் மகனுக்கு அது நன்மை செய்திருக்கும், சந்தேகமில்லை. அங்கே கதை சொன்ன தகப்பனுக்குப் பிள்ளையின் பிரச்சினை என்னவென்று தெரிந்திருந்தது. பெயர் தெரிந்த பிறகு வந்த கதை அது. பெயரே தெரியாமல் குழப்படிக்காரன் என்றும் மக்கு என்றும் அழைக்கப்படும் பிள்ளையிடம் முதலிலேயே கதையை நீட்டுவது, பசித்தவனிடம் விருந்தைப் பற்றிப் பேசுவதற்குச் சமம்.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வியாதி, போன் வந்த பிறகு வந்தது' என்பது இரண்டாவது. ஸ்கொட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் இப்படிப்பட்ட கவனச் சிதறலை 1798இலேயே எழுதிவைத்தார். லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் 1902இல் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். இதற்கு இன்று கொடுக்கப்படும் மெதில்பெனிடேட் என்ற மருந்து 1944இல் தயாரிக்கப்பட்டது. அப்போது யார் கையில் போன் இருந்தது? 'பிள்ளை வளர்ந்தால் சரியாகிவிடும்' என்பது மூன்றாவது. சிலருக்குத் தணியும், பலருக்குப் பெரியவரான பின்னும் தொடரும். எவ்லினைப் பாருங்கள். அந்தப் படத்தில் மிக உண்மையான காட்சி, அண்டங்களைத் தாண்டும் சண்டைகளுக்கு முன்னால் வருகிறது. சலவைக்கடை நடத்தும் குடியேறிய பெண்ணொருத்தி, குவிந்துகிடக்கும் ரசீதுகளோடு வரி அதிகாரியின் முன்னால் திணறுகிறாள். நடுவயது வரை யாரும் அவளுக்கு அதன் பெயரைச் சொல்லவில்லை. படம் அந்த மேசையை விட்டுத் தாவிப்போனதும் நமக்கு மிக வேண்டிய கேள்வியும் கூடவே போய்விடுகிறது.

யாரும் பெயர் சொல்லாமல் விட்டவர்கள் யார் என்ற அந்தக் கேள்வி, தோட்டத்தில் பெண்பிள்ளைகளைப் பற்றியது. துள்ளாமல், யாரையும் தொந்தரவு செய்யாமல், யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருப்பவளை டீச்சர் கவனிப்பதில்லை. வீட்டில் அடுப்பில் வைத்ததை மறப்பாள், தம்பியைக் கூட்டிவர மறப்பாள், அதற்கு ஏச்சு வாங்குவாள். ஊவா கட்டவளைத் தோட்டத்தில் பிறந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப், 'மீன்கள்' கதையில் ஒரே காம்பராவுக்குள் நெருக்கியடித்து வாழும் குடும்பத்தை எழுதினார். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில், ஒருவர் சமைக்க, ஒருவர் இரும, ஒருவர் டிவி பார்க்க, கவனம் நிற்காத பிள்ளை எந்த மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வாள்? ஜோசப் தன் மனிதர்களுக்கு வல்லமை எதையும் கொடுக்கவில்லை. காம்பராவை அப்படியே காட்டினார். படித்தவர்கள் வெட்கப்பட்டார்கள்.

அப்படியானால் என்ன வேண்டும் என்று கேட்டால், பட்டியல் ஒன்றும் அண்டம் கடந்ததல்ல. இந்தக் குறைபாட்டை இரத்தத்தைச் சோதித்தோ படம் பிடித்தோ தீர்மானிக்க முடியாது. தாயிடம் பேச வேண்டும், டீச்சரிடம் கேட்க வேண்டும், பிள்ளையோடு உட்கார வேண்டும். ஆகவே இது முதலில் மொழிப் பிரச்சினை. தமிழில் பேசி, தோட்டத்துத் தாய் சொல்லும் 'ஒரே துறுதுறுன்னு கெடக்குங்க சார், ஒண்ணுலயும் புத்தி நிக்க மாட்டேங்குது' என்பதைப் புரிந்துகொள்ளும் ஒருவர் பதுளையில் இருக்க வேண்டும், மாதத்தில் ஒருதடவையாவது பசறைக்கு வர வேண்டும். கிளினிக்குக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகும் நாளில் தாய்க்குப் பேர் விழாது. நாட்சம்பளத்தை 1,000 ரூபாய் ஆக்கவே 2021 வரை போராடிய மக்களுக்கு அந்த ஒரு நாள் சிறிய இழப்பல்ல. அந்த நாளுக்குச் சம்பளம் வெட்டக்கூடாது என்று கேட்பது தொழிற்சங்கத்தின் வேலை. கேட்கட்டும்.

வகுப்பில் முன்வாங்கில் இடம், ஒருதடவையில் ஒரே கட்டளை, நீண்ட பயிற்சியைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கொடுத்தல், எழுந்து நடக்க அனுமதி, பெற்றோருக்குப் பயிற்சி. இவற்றுக்கெல்லாம் பணத்தைவிடப் பயிற்சி பெற்ற ஆசிரியர்தான் தேவை. வகுப்புகளுக்கிடையே சுவர் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். தேவைப்படும் சிலருக்கு மருந்தும் வேண்டும். மெதில்பெனிடேட்டை உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கக் கோரிய விண்ணப்பங்கள் 2019இலும் 2021இலும் ஏற்கப்படவில்லை. நீண்டகால நன்மை தீமைக்கான சான்று போதவில்லை என்றார்கள். அந்த விவாதத்தை மருத்துவர்கள் நடத்தட்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் சாதாரண மருந்துக்கே அலைந்த நாட்டில், மருந்து வேண்டாம் வரமே போதும் என்று பேசுவதற்கு வசதி படைத்தவர்களால்தான் முடியும்.

எழுதுகிறவர்களுக்கும் ஒரு சொல். நமுனுகுலப் பிள்ளையை வைத்து அறிவியல் புனைவு எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். அவன் கடைசிவரை எதையும் வெல்லாதவனாகவே இருக்கட்டும். 2081இல் அவனுக்காகப் பாடசாலை எப்படி மாறியிருக்கும், கொழுந்து மடுவத்தின் தராசு என்ன ஆகியிருக்கும் என்று கற்பனை செய்யுங்கள். பிள்ளையின் மூளையை மாற்றுவதைவிட அது கடினமான கற்பனை.

புலமைப்பரிசிலில் சித்தியடையாவிட்டாலும், சித்திரத்தில் பரிசு வாங்காவிட்டாலும், எந்த உலகத்தையும் காப்பாற்றாவிட்டாலும் அந்தப் பிள்ளைக்குரிய கவனிப்பு கிடைக்க வேண்டும். இத்தனை கிலோ கொண்டுவந்தால்தான் முழுப்பேர் என்ற கணக்கை நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாகப் பார்த்துவிட்டோம். அதே கணக்கை 'வல்லமை' என்று பெயர் மாற்றி நம் பிள்ளைகளின் தலையில் கட்ட யாருக்கும் இடம் கொடுக்கக்கூடாது.